விறகடுப்புப் பொங்கலில் காஸ் எங்கே இருக்கிறது?

ஜனவரி 5, 2025, இரவு 9.20

மேலூர் நண்பர் கேட்டிருந்தார்: "இந்த வருடம் வாசலில் விறகடுப்பு மூட்டி மண்பானையில் பொங்கல் வைக்கப் போகிறோம். வாழை இலையில் சாப்பாடு. சிலிண்டர் பக்கமே போவதில்லை. ஒரு நாளாவது பெட்ரோலியம் இல்லாமல் சாப்பிட்டோம் என்று சொல்லலாம் அல்லவா?"

சொல்ல முடியாது. பானைக்கு அடியில் எரிகிற காஸைவிட அந்த அரிசிக்காக ஏற்கெனவே எரிந்த காஸ் அதிகம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் 22 வருடம் உர மூட்டை எடை போட்டுக் கொடுத்தவன். யூரியா எதிலிருந்து வருகிறது என்று வாங்க வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. நானும் முதல் பத்து வருடம் கேட்டதில்லை. காலையில் கணக்கோடு வருகிறேன்.

ஜனவரி 6, காலை 6.15

அக்கா வயல் கள்ளந்திரி தாண்டி மேலூர் போகிற வழியில் இருக்கிறது. ஒருபோகம். அவளிடமே போனில் கேட்டு எழுதிய கணக்கு: ஏக்கருக்கு மேலுரமாக யூரியா 3 மூட்டை, அதாவது 150 கிலோ. போன வருடம் கண்ட நெல் 2,400 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று வைத்தால் 1,560 கிலோ அரிசி. ஆக ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் 96 கிராம் யூரியா நிற்கிறது. ஒரு கைப்பிடிக்கும் மேல்.

யூரியா செய்வது இயற்கை எரிவாயுவில். நண்பர் விறகில் வைத்தாலும் தென்னை மட்டையில் வைத்தாலும் அந்த ஒரு கைப்பிடி அரிசியோடு சேர்ந்து பானைக்குள் போய்விடுகிறது.

ஜனவரி 6, மாலை 7.05

திருத்தம். இதைப் படித்த உசிலம்பட்டிக்காரர் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. 2018இல் 50லிருந்து குறைத்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றது அதற்கு முன்னால், அதனால் மூட்டை என்றாலே கை 50 என்று எழுதிவிடுகிறது. 3 மூட்டை 135 கிலோ. கிலோ அரிசிக்கு 87 கிராம். காலையில் எழுதிய 96 தப்பு, யாரும் எடுத்துப் போட வேண்டாம்.

அதே 45 கிலோ மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. செய்வதற்கு ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு, மிச்சத்தை மத்திய அரசு கட்டுகிறது. விலை இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் கை தாராளமாக வீசுகிறது என்பது என் எண்ணம். பயிர் லேசாக வெளுத்தால் போதும், இன்னொரு அரை மூட்டை. சங்கத்தில் தினமும் பார்த்தது.

ஜனவரி 7, காலை 10.40

தூத்துக்குடித் தம்பி ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். "காஸ் பானைக்குள் போகிறது" என்று நான் எழுதிய மாதிரி நேராகப் போவதில்லை. யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது நைட்ரஜனை. அது 100க்கு 46 பங்கு. அந்த நைட்ரஜன் வருவது காற்றிலிருந்து. நாம் மூச்சு விடுகிற காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆனால் அது எதோடும் சேராமல் சும்மா கிடக்கும். அதை ஹைட்ரஜனோடு கட்டிப்போட்டு அம்மோனியா ஆக்க வேண்டும். ஹைட்ரஜனை எடுப்பது மீத்தேனிலிருந்து, அதாவது இயற்கை எரிவாயுவிலிருந்து. அப்போது வெளியாகும் கரியமில வாயுவையும் வீணாக்காமல் அம்மோனியாவோடு சேர்த்தால் யூரியா. ஆக காஸ் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு பங்கு மூலப்பொருள், ஒரு பங்கு சூடு.

இதை 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் ஃப்ரிட்ஸ் ஹேபர். கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கி 1913இல் ஜெர்மனியில் ஓப்பாவில் ஓட்டினார். அப்போது நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள், எரிவாயு பிறகு வந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை ரொம்ப காலம் நாஃப்தாவில் ஓடியது. நாஃப்தாவும் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது வருவதுதான், பெட்ரோலுக்கு நெருங்கிய உறவு. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம் - தூத்துக்குடி எரிவாயுக் குழாய் திறந்த பிறகு ஆலை காஸுக்கு மாறியது. 143 கிலோமீட்டர் குழாய். நாங்கள் வறண்ட பூமி என்று சொல்லிக்கொண்டிருந்த ராமநாதபுரத்து மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கிற காஸ், மேலூர் வயலுக்கு வெள்ளைக் குருணையாக வருகிறது. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருக்கிறது.

ஜனவரி 7, இரவு 10

டீசலை மறந்துவிட்டேன். அக்கா வயலுக்கு உழவு, நடவுக்குச் சேறாக்கித் தொளி கலக்குவது, கடைசியில் பெல்ட் வண்டி அறுவடை, எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 22 லிட்டர் பக்கம் ஆகிறது. நடவு மட்டும் ஆள். கிலோ அரிசிக்கு 14 மில்லி டீசல்.

ஜனவரி 8, மதியம் 2.30

"சரி, விறகாவது சுத்தமா?" என்று ஒருவர்.

மேலூர் நண்பர் வாங்கப்போகும் விறகு அநேகமாகச் சீமைக் கருவேலம். அதை அறுப்பது பெட்ரோல் ரம்பத்தில், கொண்டுவந்து இறக்குவது டீசல் லோடு வண்டியில். மூட்டுவதற்குத் தீக்குச்சி கிழிப்பார் அல்லவா, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் செய்கிற அந்தக் குச்சியின் தலைப்பக்கத்தைப் பாரஃபின் மெழுகில் தோய்த்திருப்பார்கள். மருந்து எரிந்த உடனே தீ குச்சிக்குத் தாவ வேண்டும், அதற்காக. பாரஃபின் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. விறகு ஈரமாக இருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய். அது இல்லாவிட்டால் சூடக்கட்டி, அதுவும் பெட்ரோலியம்.

இதையெல்லாம் எழுதுவது விறகைக் குறை சொல்ல அல்ல. விறகை எனக்கு வேறு காரணத்துக்காகப் பிடிக்காது. அம்மா முப்பது வருடம் விறகடுப்பில் ஊதினார். மழைக்காலத்தில் புகை ஓட்டுக்கு மேலே ஏறாது, சமையல்கட்டிலேயே சுற்றும். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். இருமலை நாங்கள் அம்மாவின் குரலாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். அப்புறம் பம்ப் ஸ்டவ். ரேஷனில் ஊற்றிய மண்ணெண்ணெய்க்குக் கேனை வரிசையில் வைத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன், மணி அடிக்கிறதற்குள் தம்பி வந்து நிற்க வேண்டும். காஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதே கதைதான். முதல் சிலிண்டர் வந்த அன்று அம்மா பால் காய்ச்சி, பொங்கவிட்டு, அதற்குப் பொட்டு வைத்தார். அடுப்புக்கு அல்ல, சிலிண்டருக்கு.

வாசலில் ஒரு நாள் விறகு வைப்பது வேறு. திறந்த வெளி, ஒரு மணி நேரம். அது பொங்கலின் அழகு. "பழைய காலமே மேல்" என்று எழுதியவருக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவர் அல்ல.

ஜனவரி 9, காலை 7

சூடம் பற்றி நான் எழுதியது தவறு. இரண்டு பேர் திருத்தியிருக்கிறார்கள். கடையில் வாங்கும் சூடம் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனில் செய்வது. பெட்ரோலியம் அல்ல. வெள்ளையாக, மணத்தோடு எரிகிறதே என்று பாரஃபினோடு சேர்த்துவிட்டேன். சாமி கும்பிடும் தட்டில் சூடம் தப்பித்தது. ஊதுபத்தி தப்பவில்லை: வாசனையைக் கரைத்துக் குச்சியில் ஏற்றுவதற்குப் பயன்படுத்தும் கரைப்பான் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் பிறந்த வேதிப்பொருள்.

ஜனவரி 10, இரவு 8.50

ரேஷனில் பொங்கல் தொகுப்பு வாங்கி வந்தேன். பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக்கரும்பு ஒன்று. வரிசையில் நின்றபோது ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே நின்றேன்.

சர்க்கரை. நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் சாற்றை வெளுக்கக் கந்தகப் புகை விடுகிறார்கள். கந்தகத்தை முன்பு சுரங்கத்தில் எடுத்தார்கள். இப்போது உலகச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலும் எரிவாயுவிலும் இருந்து பிரித்தெடுத்தது. டீசல் புகை காற்றைக் கெடுக்காமல் இருக்க அதிலிருந்து கந்தகத்தை எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுத்த மஞ்சள் தூள்தான் சர்க்கரை ஆலைக்கும் போகிறது.

வெல்லத்துக்கு இது பொருந்தாது. நல்ல வெல்லம் வாங்கினால். வெல்ல ஆலையில் கொப்பரைக்கு அடியில் எரிவது கரும்புச் சக்கைதான். பிழிந்த சக்கையை வெயிலில் காயவைத்து அதே கரும்பின் சாற்றைக் காய்ச்சுவார்கள். தன் பாகைத் தானே காய்ச்சிக்கொள்கிற பயிர். வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளை எடுக்காதீர்கள். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் மருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கறுத்த மண்டை வெல்லம் பார்க்க நன்றாக இருக்காது, பொங்கலில் போட்டால் தெரியும்.

எண்ணெய்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. வடை சுட வாங்குகிற ரீஃபைண்ட் எண்ணெய். விதையை ஆட்டிப் பிழிந்த பிறகும் புண்ணாக்கில் எண்ணெய் தங்கும். அதை எடுக்க ஹெக்சேன் ஊற்றுகிறார்கள். பெட்ரோலில் இருக்கிற அதே குடும்பத்துத் திரவம். அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வரும். பிறகு சூடாக்கினால் 69 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், அதைக் குளிரவைத்துத் திரும்பவும் அடுத்த சுற்றுக்கு ஊற்றுவார்கள். எண்ணெயில் ஹெக்சேன் மிதக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அது இல்லாமல் அந்த விலைக்கு அந்த எண்ணெய் கிடைக்காது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இந்தக் கணக்கில் வராது. செக்கு ஓடுவது மோட்டாரில் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பால் பாக்கெட் பாலிதீன். அதற்கு விளக்கம் வேண்டாம்.

ஜனவரி 11, காலை 11.30

சிலிண்டரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசுகிறோம் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நியாயம்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ. புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தத்தில் திரவமாக இருக்கும், திறந்தால் சுமார் 250 மடங்காக விரிந்து வாயுவாகும். நாடு எரிக்கிற சமையல் காஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து. துறைமுகத்திலிருந்து நிரப்பும் ஆலைக்குக் கொண்டுவருவது புல்லட் டேங்கர்கள். ரிங் ரோட்டில் நீளமாக உருண்டையாகப் போகிறதே, அதுதான். முக்கால்வாசி நாமக்கல்காரர்கள் வண்டி. அவர்கள் ஸ்டிரைக் என்று செய்தி வந்தாலே என் மனைவி சிலிண்டர் புக் பண்ணிவிடுவார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் காஸ் பரவியதற்கு 2006இல் வந்த கருணாநிதி அரசின் இலவசக் காஸ் அடுப்புத் திட்டம் பெரிய காரணம். அக்கா வீட்டுக்கு அதில்தான் அடுப்பு வந்தது.

அந்த அடுப்பு பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பத்து வருடம் இருக்கும். போகி அன்று ராத்திரி அக்கா புது சிலிண்டர் மாட்டினாள். ரெகுலேட்டர் நன்றாகவே உட்கார்ந்தது. ஆனால் வால்வுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வாசரில் வெடிப்பு விட்டிருந்தது. கொண்டுவந்து போட்டவர் சோதித்துக் காட்டவில்லை, அக்காவும் கேட்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வெந்நீர் போட எழுந்தவளுக்குக் கதவைத் திறந்ததும் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி நாற்றம். லைட் ஸ்விட்ச்சில் கை வைக்கப் போனவள், வைக்கவில்லை. இருட்டிலேயே பின்கதவைத் திறந்து, மாமாவை எழுப்பி, சிலிண்டர் மூடியைப் போட்டு வெளியே தூக்கிப் போனார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் பத்து மணிக்குத்தான் பொங்கியது. ராகு காலம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

காஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. அந்த நாற்றம் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. அது இல்லாவிட்டால் எனக்கு அக்கா இல்லை. இன்னொன்று, இந்த காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் தேங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசற்கதவைத் திறக்க வேண்டும். மின்விசிறி போடக் கூடாது. புது சிலிண்டர் வந்தால் வாசரை விரலால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

ஜனவரி 12, மாலை 6

எதுதான் பெட்ரோலியம் இல்லாமல் வருகிறது என்று தூத்துக்குடித் தம்பி கேட்கிறார்.

தண்ணீர். அக்கா வயலுக்கு வருவது பெரியாறு கால்வாய்த் தண்ணீர். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து இறங்கி, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயில் தானாக ஓடி வருகிறது. மோட்டார் கிடையாது, டீசல் கிடையாது, சரிவு மட்டும். கூடலூர், கம்பம் பக்கம் அவருக்காகத் தனியாகப் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

ஜனவரி 13, இரவு 9.45

காப்புக் கட்டியாயிற்று. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. அதற்கு வண்டிக்காரர் டீசல் போட்டு வந்திருப்பார், அதை இன்று எழுதப் போவதில்லை.

மளிகைக் கடை வைத்திருக்கும் மச்சினனிடம் 30 கிலோ எலெக்ட்ரானிக் தராசு இரவல் வாங்கி வந்திருக்கிறேன். 5 கிராம் வரை காட்டும். நாளை சமையலுக்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போடப் போகிறேன். அரிசிக்காக எரிந்த காஸ்தான் அதிகம் என்று முதல் நாள் நான் அடித்துச் சொன்னது சரியா என்று பார்த்துவிட வேண்டும். மூன்று நாளாக உறுத்துகிறது.

ஜனவரி 14, இரவு 10.30

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. டிவியில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு ஓடிக்கொண்டிருக்க நான் சிலிண்டரைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன்.

வில்லாபுரம் வீட்டில் 14 பேர் சாப்பாடு. மொத்தம் பச்சரிசி 3 கிலோ, பாதி சர்க்கரைப் பொங்கல், பாதி பால் பொங்கல். அது போக மொச்சையும் அவரையும் பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்ட குழம்பு, இரண்டு பொரியல், வடை, பாயசம், காபி.

காலையில் சிலிண்டர் 24 கிலோ 610 கிராம். இரண்டு பானையும் பொங்கி இறக்கியதும் 24 கிலோ 290. எல்லாச் சமையலும் முடிந்ததும் 23 கிலோ 740.

பானைகளுக்கு மட்டும் 320 கிராம். மொத்தம் 870 கிராம்.

ஜனவரி 15, காலை 8

இப்போது வயல் பக்கம். 3 கிலோ அரிசிக்கு யூரியா 260 கிராம். ஒரு டன் யூரியா செய்ய நம் ஆலைகளுக்கு ஆகும் சக்தி சுமார் 5.5 முதல் 6.5 கிகா கலோரி. நடுவில் 6 என்று வைத்தால், அதாவது கிலோவுக்கு 6,000 கிலோ கலோரி, 260 கிராமுக்கு 1,560 கிலோ கலோரி. சமையல் காஸ் ஒரு கிராம் எரிந்தால் சுமார் 11 கிலோ கலோரி. ஆக அது 140 கிராம் சமையல் காஸுக்குச் சமம். டீசல் 42 மில்லி, அதை மாற்றினால் இன்னொரு 35 கிராம் பக்கம். கூட்டினால் 175.

அடுப்பில் 320, அரிசிக்குள் 175. ஆக, முதல் நாள் நான் எழுதியது தவறு. வயலில் எரிந்தது அடுப்பில் எரிந்ததைவிட அதிகம் இல்லை, பாதிக்குச் சற்று மேல். டிஏபி உரம், பூச்சி மருந்து, அரிசி ஆலை, லாரி எதையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இடைவெளி குறையும். இருந்தாலும் "அதிகம்" என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மேலூர் நண்பருக்கு இப்போதுதான் சரியான பதில். நீங்கள் விறகில் வைத்ததால் 320ஐ மிச்சம் பிடித்தீர்கள். 175ஐ விறகால் தொட முடியாது.

ஜனவரி 15, மதியம் 1.10

"புத்தரிசி வைத்திருந்தால் கணக்கு மாறுமா?" மாறாது. அதோடு எங்கள் பக்கம் அறுவடையே தை பிற்பாதியில்தான். பேருக்குப் புத்தரிசி என்று சொல்கிறோம், பானையில் போவது போன வருட நெல் அல்லது ரேஷன் பச்சரிசி. ஒரு கைப்பிடி மட்டும் முன்னாடி விளைந்த வயலில் வாங்கி மேலே போடுவாள் அக்கா.

ஜனவரி 17, இரவு 9

அக்காவிடம் 175 கிராம் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா காலத்தில் கிடை போட்டாரே, அதற்கு என்ன கணக்கு?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டி வருவார்கள். அறுத்த வயலில் ராத்திரி பட்டி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அப்பா ராத்திரிக் கணக்கில் நெல் அளந்து கொடுப்பார். அப்புறம் கொழிஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து மடக்கி உழுவார். நான் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது நின்றது. வீட்டிலேயே உரம் விற்கிறவன் இருக்கும்போது கிடை எதற்கு என்று நான்தான் சொன்னேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கிடையை மட்டும் நம்பினால் 2,400 கிலோ நெல் வராது, அது அக்காவுக்கும் தெரியும். ஆனால் மூன்று மூட்டை இரண்டாகலாம். ஒரு ஏக்கரில் வழக்கம் போல, பக்கத்து அரை ஏக்கரில் கிடையும் கொழிஞ்சியும் அதற்கு மேல் குறைத்த யூரியாவும் என்று பேசி வைத்திருக்கிறோம். மாமா பங்குனியில் கீதாரியைப் பார்த்துச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். இரண்டு வயல் நெல்லையும் தனித்தனியாக எடை போட வேண்டும் என்று நான் சொன்னதும் அக்கா சிரித்தாள்.

தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மச்சினன் அடுத்த தைக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.